மேக் முகவரி யாருடைய அடையாளமும் அல்ல

கணினியின் நெட்வொர்க் கார்டுக்குத் தொழிற்சாலையிலேயே இடப்படும் மேக் முகவரி 48 பிட் நீளமுள்ள ஓர் எண். 0 முதல் 9 வரையிலான இலக்கங்களும் ஏ முதல் எஃப் வரையிலான ஆங்கில எழுத்துகளும் கலந்து பன்னிரண்டு இடங்களில் அதை எழுதுவார்கள். முதல் ஆறு இடங்கள் தயாரிப்பாளருக்கு உரியவை. ஐஇஇஇ என்ற பொறியாளர் அமைப்பு கட்டணம் பெற்றுக்கொண்டு அவற்றை நிறுவனங்களுக்கு ஒதுக்குகிறது. மீதி ஆறு இடங்களை நிறுவனமே தன் கார்டுகளுக்கு நிரப்பிக்கொள்கிறது. இப்படி ஓர் ஒதுக்கீட்டில் 1,67,77,216 கார்டுகளுக்கு எண் போடலாம்.

இந்த எண்ணின்மேல் அளவுக்கு மீறிய நம்பிக்கை ஏற்றிவைக்கப்பட்டிருக்கிறது. மேக் முகவரி கணினியின் கைரேகை, ஒன்றைப் போல் இன்னொன்று உலகில் கிடையாது, அதை அழிக்கவே முடியாது என்பது அந்த நம்பிக்கை. கல்லூரிப் பாடக்குறிப்புகளில் அது இருக்கிறது. யூடியூப் காணொளிகளிலும் கணினிக் கடைக்காரர்களின் பேச்சிலும் இருக்கிறது. அரசாணையிலேகூட இடம்பிடித்திருக்கிறது. அதிலிருந்து மூன்று முடிவுகளை மக்கள் எடுத்துக்கொள்கிறார்கள். மேக் முகவரியை மாற்றிவிட்டால் யாராலும் கண்டுபிடிக்க முடியாது என்பது ஒன்று. அனுமதித்த முகவரிகளை ரவுட்டரில் பட்டியல் போட்டுவிட்டால் வைஃபை பத்திரம் என்பது இன்னொன்று. முகவரியை மாற்றுகிறவர் ஏதோ தப்புத்தண்டா செய்கிறார் என்பது மூன்றாவது. மூன்றும் தவறு. மூன்றுக்கும் வேர் ஒன்றுதான்: யாரையும் அடையாளம் காட்டுவதற்காக ஏற்படாத ஓர் எண்ணை அடையாளமாக எடுத்துக்கொண்டதே அந்த வேர்.

அது எதற்காக ஏற்பட்டது என்பது எழுத்திலேயே இருக்கிறது. 1973-ல் அமெரிக்காவின் ஜெராக்ஸ் நிறுவனத்துடைய பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் ராபர்ட் மெட்காஃபும் டேவிட் பாக்ஸும் கணினிகளைக் கேபிளால் இணைக்கும் ஈதர்நெட்டை உருவாக்கத் தொடங்கினார்கள். அந்த முதல் ஈதர்நெட்டில் முகவரி 8 பிட் மட்டுமே. எந்தக் கணினிக்கு எந்த எண் என்பதை அந்தந்த இடத்தில் இருந்தவர்களே முடிவுசெய்து போட்டுக்கொண்டார்கள். கணினிகள் பெருகியபோது இந்த ஏற்பாடு தாங்கவில்லை. 1980-ல் டிஜிட்டல், இன்டெல், ஜெராக்ஸ் ஆகிய மூன்று நிறுவனங்களும் கூட்டாக வெளியிட்ட ஈதர்நெட் வரையறையில் முகவரி 48 பிட்டாக நீண்டது. ஏன் அவ்வளவு நீளம் என்பதை விளக்கி யோகன் தலாலும் ராபர்ட் பிரிண்டிஸும் 1981-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். தலால் பம்பாய் ஐஐடியில் படித்துவிட்டு அமெரிக்கா போனவர். அவர்களுடைய கவலை நிர்வாகம் பற்றியது. ஒரு கணினியைப் பெட்டியிலிருந்து எடுத்து எந்தக் கேபிளில் செருகினாலும் அங்கே ஏற்கெனவே இருக்கும் எண்ணோடு மோதக்கூடாது. எண் போடுவதற்கென்று ஒவ்வோர் இடத்திலும் ஓர் ஆள் உட்கார்ந்திருக்கவும் கூடாது. தொழிற்சாலையிலேயே எண் போட்டு அனுப்பும் வழக்கம் இந்த வசதிக்காக வந்தது. கணினிக்குப் பின்னால் இருக்கும் மனிதர் யார் என்ற கேள்வி அங்கே எழவே இல்லை.

மாற்றுவதற்கான வழியும் வரையறைக்கு உள்ளேயே இருக்கிறது, யாரோ திருட்டுத்தனமாகத் துளைத்தது அல்ல. முகவரியின் முதல் பைட்டில் ஒரு பிட் இதற்கென்றே ஒதுக்கப்பட்டிருக்கிறது. அது 0 என்றால் எண் தயாரிப்பாளர் கொடுத்தது. 1 என்றால் அந்த இடத்தில் வைத்துக்கொண்டது. இதைக் கண்ணாலேயே பார்த்துவிடலாம். பன்னிரண்டு இடங்களில் இரண்டாவது இடத்தில் 2, 6, ஏ, இ என்ற நான்கில் ஒன்று வந்தால் அது தொழிற்சாலை எண் அல்ல. இன்றைய கைப்பேசியில் வைஃபை இணைப்பின் விவரங்களைத் திறந்து பார்க்கிறவர்களில் பெரும்பாலோர் இந்த நான்கில் ஒன்றைத்தான் அங்கே காண்பார்கள். டிஜிட்டல் நிறுவனத்தின் டெக்நெட் 1980-களில் இன்னும் ஒருபடி மேலே போனது. கணினி நெட்வொர்க்கில் சேரும்போதே கார்டின் தொழிற்சாலை எண்ணை ஒதுக்கிவிட்டு, ஏஏ-00-04-00 என்று தொடங்கும் எண்ணைத் தானே போட்டுக்கொண்டது. ஐபிஎம்மின் டோக்கன் ரிங் நெட்வொர்க்குகளிலும் நிர்வாகிகள் தங்கள் கணக்குக்கு ஏற்ப எண் வைப்பது சாதாரணமாக நடந்தது.

மாற்றும் வேலை நடக்கும் விதத்தைப் பார்த்தால் ‘அழியாத முத்திரை’ என்ற பேச்சு எவ்வளவு பொருந்தாதது என்பது தெரியும். தொழிற்சாலை எண் கார்டில் உள்ள சிறு நினைவகச் சில்லில் எழுதப்பட்டிருக்கிறது. கணினி உயிர்பெறும்போது டிரைவர் மென்பொருள் அதை வாசித்துத் தன்னிடம் வைத்துக்கொள்கிறது. அதன்பின் வெளியே போகும் ஒவ்வொரு தகவல் பொதியிலும் அனுப்புநர் இடத்தில் எழுதப்படுவது டிரைவர் வைத்திருக்கும் எண். சில்லில் இருப்பதை மறுபடி யாரும் கேட்பதில்லை. டிரைவரிடம் வேறோர் எண்ணைக் கொடுத்தால் அதையே எழுதும். விண்டோஸில் டிவைஸ் மேனேஜரைத் திறந்து, நெட்வொர்க் கார்டின் பண்புகளுக்குள் போனால் ‘நெட்வொர்க் அட்ரஸ்’ என்று ஒரு கட்டம் பல கார்டுகளில் இருக்கும்; அதில் புதிய எண்ணைத் தட்டினால் முடிந்தது. பல வைஃபை டிரைவர்கள் மேலே சொன்ன 2, 6, ஏ, இ விதிக்குள் அடங்கும் எண்ணை மட்டுமே ஏற்கும். லினக்ஸில் இணைப்பை நிறுத்தி, எண்ணை மாற்றி, மறுபடி இயக்க மூன்று வரிக் கட்டளை போதும். லினக்ஸில் இப்படிக் கையால் மாற்றிய எண் கணினியை அணைத்துப் போட்டால் போய்விடும். தொழிற்சாலை எண் திரும்ப வந்து நிற்கும். சில்லில் எதுவும் அழிக்கப்படவில்லை, அழிக்க வேண்டிய தேவையும் இல்லை.

உலகில் ஒன்றே ஒன்று என்பதும் நடைமுறையில் நிற்காது. ஒரே எண்ணைத் தாங்கிய பல கார்டுகள் சந்தைக்கு வந்ததுண்டு. மென்பொருளாக மட்டுமே ஓடும் மெய்நிகர் கணினிகளுக்குத் தொழிற்சாலையே கிடையாது. 08-00-27 என்று தொடங்கினால் விர்ச்சுவல்பாக்ஸ் போட்ட எண், 52-54-00 என்று தொடங்கினால் பெரும்பாலும் லினக்ஸின் கேவிஎம் போட்ட எண். ஒரு மெய்நிகர் கணினியை அப்படியே நகலெடுத்து இரண்டாவதாக ஓட்டினால், எண்ணை மாற்ற மறந்த நிர்வாகிக்கு ஒரே முகவரியோடு இரண்டு கணினிகள் கிடைக்கும். அப்போது சுவிட்ச் எந்த வாயிலுக்குத் தகவலை அனுப்புவது என்று தெரியாமல் இங்கும் அங்கும் மாற்றி மாற்றி அனுப்பும்; இரண்டு கணினிகளுமே விட்டுவிட்டு வேலைசெய்யும். இப்படி மோதல் வந்தால் கஷ்டம் என்பதால்தான் தனித்தனி எண் வேண்டியிருக்கிறது. அதுவும் ஒரே நெட்வொர்க்குக்குள் மட்டும்.

அந்த எல்லையைப் பற்றித்தான் பொதுப்பேச்சில் அதிகக் குழப்பம். மேக் முகவரி ரவுட்டரைத் தாண்டுவதில்லை. வீட்டு லேப்டாப்பிலிருந்து ஒரு செய்தித்தளத்துக்குப் போகும் பொதி, வீட்டு ரவுட்டர் வரைதான் லேப்டாப்பின் மேக் முகவரியைச் சுமந்து செல்கிறது. ரவுட்டர் அந்த உறையைக் கழற்றிவிட்டு, தன் முகவரியை அனுப்புநராகப் போட்டு அடுத்த கட்டத்துக்கு அனுப்புகிறது. அடுத்த ரவுட்டரும் அப்படியே. கோயில் வாசலில் செருப்பு விடும் இடத்தில் தரும் டோக்கனைப் போன்றது இது: அந்த வாசலில்தான் அதற்கு மதிப்பு, அடுத்த கோயிலில் அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை. ஆகவே மேக் முகவரியை மாற்றி இணையதளங்களின் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டதாக நினைக்கிறவர், அந்தத் தளங்கள் ஒருபோதும் பார்த்திராத ஒன்றை மாற்றியிருக்கிறார். தளத்துக்குத் தெரிவது ஐபி முகவரி, உலாவியின் குக்கிகள், உள்நுழைந்த கணக்கு. அவை எதுவும் மாறவில்லை.

விதிவிலக்குகள் இருந்தன, அவற்றைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. ஐபிவி6 என்ற புதிய ஐபி முகவரி முறை வந்த காலத்தில் கணினிகள் தங்கள் மேக் முகவரியை நடுவில் பிளந்து, இடையில் சில எழுத்துகளைச் செருகி, ஐபி முகவரியின் பின்பாதியாக வைத்துக்கொண்டன. அந்த ஏற்பாட்டில் தொழிற்சாலை எண் உலகம் முழுவதும் போய்ச் சேர்ந்தது. இதைத் தவிர்க்கத் தற்காலிக முகவரிகளைப் பயன்படுத்தும் முறை திருத்தமான வடிவில் 2007-ல் வந்தது; இன்றைய இயங்குதளங்கள் அதைத் தாமாகவே செய்கின்றன. இன்னொன்று 1990-களின் கடைசியில் மைக்ரோசாஃப்ட் ஆஃபீஸ் கோப்புகளுக்குள் மறைவாகப் பதிந்த எண். அதில் கோப்பை உருவாக்கிய கணினியின் மேக் முகவரி அடங்கியிருந்தது. 1999-ல் மெலிசா வைரஸ் பரவியபோது இது பெரிய பேச்சாயிற்று. இரண்டுமே மென்பொருள் செய்தவர்கள் அந்த எண்ணை எடுத்துத் தேவையில்லாத இடத்தில் ஒட்டியதால் வந்த வினை. தனியுரிமை ஆர்வலர்கள் எதிர்த்தார்கள், திருத்தப்பட்டது.

ரவுட்டருக்கு உள்ளேயாவது மாற்றம் மறைப்பாகுமா என்றால், அதுவும் ஆகாது. முகவரி மாற்றிய ஒரு லேப்டாப் கல்லூரி வைஃபையில் சேரும் முதல் சில நொடிகளைக் கவனித்தால் போதும். புதிய முகவரியோடு அது ஐபி எண் கேட்கிறது. கேட்கும் அதே பொதியில் வழக்கமாகக் கணினியின் பெயரையும் சேர்த்து அனுப்புகிறது. வாங்கிய அன்று உரிமையாளர் தன் பெயரையே கணினிக்கு வைத்திருந்தால் அது அப்படியே நிர்வாகியின் பதிவேட்டில் விழுகிறது. என்னென்ன விவரங்களை எந்த வரிசையில் கேட்கிறது என்பதை வைத்தே அது விண்டோஸா லினக்ஸா என்று சொல்லிவிடலாம். அடுத்ததாக, பிரிண்டர்களையும் டிவிகளையும் தேடி அக்கம்பக்கத்துக்கு ஓர் அறிவிப்புச் செய்கிறது. அதிலும் பெயர் வரலாம். பின்னணியில் மின்னஞ்சல், கோப்புச் சேமிப்பு, வைரஸ் தடுப்பு எல்லாம் வழக்கமான சேவையகங்களைத் தொடர்புகொள்கின்றன. உள்நுழைவுப் பக்கத்தில் மாணவர் தன் பதிவெண்ணைத் தட்டும்போது மிச்சம் மீதி இருந்த மறைப்பும் போய்விடுகிறது. போதாததற்கு, பல நேரங்களில் முகவரியின் இரண்டாவது எழுத்தே ‘இது மாற்றப்பட்ட எண்’ என்று அறிவித்துக்கொண்டிருக்கிறது. ரயில் நிலைய இலவச வைஃபையில் 30 நிமிடம் முடிந்ததும் முகவரியை மாற்றி இன்னொரு 30 நிமிடம் பெறலாம் என்று சொல்லித்தரும் காணொளிகள், அந்தச் சேவை கைப்பேசி எண்ணையும் ஒருமுறைக் கடவுச்சொல்லையும் கேட்டுத்தான் திறக்கிறது என்பதை ஏனோ சொல்வதில்லை.

அமெரிக்க இணையச் செயற்பாட்டாளர் ஆரன் ஸ்வார்ட்ஸின் வழக்கு இதற்கு மிகத் துயரமான சான்று. 2010 செப்டம்பரில் அவர் அமெரிக்காவின் எம்ஐடி வளாக நெட்வொர்க்கில் விருந்தினராக ஒரு லேப்டாப்பை இணைத்து, ஜேஸ்டோர் தொகுப்பிலிருந்து ஆய்வுக் கட்டுரைகளைப் பெருமளவில் இறக்கத் தொடங்கினார். ஜேஸ்டோர் ஐபி முகவரியைத் தடுத்தது. எம்ஐடி அந்தக் கணினியின் மேக் முகவரியைப் பதிவிலிருந்து நீக்கியது. சில நாள்களில் அதே லேப்டாப் மறுபடி வந்தது. பன்னிரண்டு இடங்களில் கடைசி இடம் மட்டும் பி-யிலிருந்து சி-யாக மாறியிருந்தது. ஓர் எழுத்தை மாற்றியதும் எம்ஐடியின் தடை ஒன்றுமில்லாமல் போயிற்று. மேக் முகவரியை வைத்துத் தடுக்கலாம் என்று நம்புகிறவர்கள் இந்த இடத்தில் நின்று யோசிக்க வேண்டும்.

மாற்றினால் மறையலாம் என்று நம்புகிறவர்கள் அதற்கு அடுத்து நடந்ததைப் பார்க்க வேண்டும். லேப்டாப் பின்னர் 16-ஆம் எண் கட்டடத்தின் அடித்தளத்தில் இருந்த ஒயரிங் அறையில் நேரடியாகச் செருகப்பட்டது. அது எந்த முகவரியைச் சொன்னாலும் பொதிகள் குறிப்பிட்ட சுவிட்சின் குறிப்பிட்ட வாயில் வழியாகத்தான் வந்தாக வேண்டும். 2011 ஜனவரி தொடக்கத்தில் நெட்வொர்க் பொறியாளர்கள் அந்தத் தடத்தைப் பிடித்து அறைக்கே போய்ச் சேர்ந்தார்கள். அட்டைப் பெட்டிக்கு அடியில் லேப்டாப் இருந்தது. அறையில் கேமரா வைக்கப்பட்டது. ஜனவரி 6 அன்று ஸ்வார்ட்ஸ் கைதானார். அப்போது அவருக்கு 24 வயது. குற்றப்பத்திரிகை மேக் முகவரி மாற்றத்தை விவரமாக எடுத்துச்சொல்லி, ஏமாற்றும் நோக்கத்துக்குச் சான்றாக முன்வைத்தது. வழக்கு நிலுவையில் இருக்கும்போதே 2013 ஜனவரியில் அவர் உயிரை மாய்த்துக்கொண்டார். மாற்றிய முகவரி அவரை மறைக்கவில்லை. அவருக்கு எதிரான ஒரு வாசகமாக மட்டும் பயன்பட்டது.

இரண்டாவது நம்பிக்கையான பட்டியல் பூட்டு இன்னும் பரவலானது. வீட்டு ரவுட்டர்களில் ‘மேக் ஃபில்டர்’ என்று ஒரு பக்கம் உண்டு. குடும்பத்தாரின் கருவிகளை மட்டும் எழுதிவைத்தால் வேறு யாரும் நுழைய முடியாது என்று சொல்லித்தருகிறார்கள். வைஃபையில் தகவலின் உள்ளடக்கம்தான் மறைகுறியாக்கப்படுகிறது. அனுப்புநர், பெறுநர் மேக் முகவரிகள் உறையின்மேல் திறந்தே போகின்றன. கடவுச்சொல் எவ்வளவு வலுவானதாக இருந்தாலும் இது மாறாது. பக்கத்து வீட்டில் ஒரு லேப்டாப்பைக் கேட்கும் நிலையில் வைத்துவிட்டு உட்கார்ந்தால் அனுமதிக்கப்பட்ட முகவரிகள் ஒவ்வொன்றாகக் காற்றில் வந்து விழும். அதில் ஒன்றைத் தன் கார்டுக்குப் போட்டுக்கொண்டால் ஃபில்டர் கதவைத் திறந்துவிடும். வைஃபையின் கடவுச்சொல்லை உடைக்கும் திறன் உள்ளவருக்கு இது சில நிமிட வேலை. அந்தத் திறன் இல்லாதவரைக் கடவுச்சொல்லே தடுத்துவிடும். ஃபில்டருக்கு அங்கே வேலை இல்லை.

வேலை இல்லாதது மட்டும் என்றால் பொறுத்துக்கொள்ளலாம். ஃபில்டர் தீங்கும் செய்கிறது. புதிய கைப்பேசிகள் ஒவ்வொரு வைஃபைக்கும் தனித்தனி எண்ணை வைத்துக்கொள்வதால் பட்டியலோடு அடிக்கடி மோதுகின்றன. உடனே அலுவலகங்களும் விடுதிகளும் இப்படித் தனி எண் வைக்கும் ‘பிரைவேட் அட்ரஸ்’ அமைப்பை அணைத்துவிட்டு வாருங்கள் என்று அறிவிப்பு ஒட்டுகின்றன. பூட்டாத ஒரு பூட்டைக் காப்பாற்றுவதற்காகப் பயனாளர் தமக்கு உண்மையிலேயே கிடைத்திருந்த ஒரு பாதுகாப்பைக் கழற்றிவைக்க வேண்டியிருக்கிறது. இது அறவே கூடாத பரிமாற்றம்.

இதே நம்பிக்கை ஓர் அரசின் ஆணையாகவே வெளிவந்திருக்கிறது. 2019 ஆகஸ்டு 5 அன்று சிறப்பு அந்தஸ்து நீக்கத்தை ஒட்டி ஜம்மு காஷ்மீரில் இணையம் முடக்கப்பட்டது. 2020 ஜனவரியிலிருந்து கொஞ்சங் கொஞ்சமாகத் திறந்தபோது, கம்பி வழி இணைப்புகளுக்கு உள்துறையின் ஆணைகள் ‘மேக் பைண்டிங்’ என்ற நிபந்தனையைப் போட்டன. இணைப்பைக் குறிப்பிட்ட கருவியின் மேக் முகவரியோடு கட்டிவைக்க வேண்டும் என்பது அதன் பொருள். தடை தளர்ந்த பிறகும் மாதக்கணக்கில் அந்த நிபந்தனை ஆணைக்கு ஆணை தொடர்ந்தது. தொழில்நுட்பமாகப் பார்த்தால் அது எதைச் சாதித்திருக்க முடியும்? வீட்டில் ரவுட்டர் இருந்தால் சேவை நிறுவனத்துக்குத் தெரிவது ரவுட்டரின் முகவரி மட்டுமே. அதற்குப் பின்னால் எத்தனை கருவிகள், யார் கையில் என்பது தெரியாது. நேரடியாகக் கணினியில் செருகியிருந்தாலும் அந்த எண்ணை இன்னொரு கணினிக்குப் போட்டுக்கொள்ள ஐந்து நிமிடம் ஆகாது. தீய நோக்கம் உள்ளவரை அந்த நிபந்தனையால் நிறுத்த முடியாது. கணினி பழுதாகி வேறொன்று வாங்கிய வணிகரையும், ஒரே இணைப்பைப் பகிர்ந்துகொள்ள வேண்டியிருந்த மாணவர்களையும்தான் அது மறுபடி அனுமதிக்காக அலையவைக்கக்கூடியது. இணையம் வாழ்வாதாரமாக இருந்த மக்கள்மேல், பயனில்லை என்று துறையறிந்த யாரும் சொல்லக்கூடிய ஒரு சுமையை ஏற்றியது தவறு.

தமிழ்நாட்டு ஊர்களிலும் பல பிராட்பேண்ட் நிறுவனங்களும் கேபிள்காரர்களும் இணைப்பை முதலில் செருகிய கருவியின் மேக் முகவரியோடு கட்டிவிடுவது உண்டு. புது ரவுட்டர் வாங்கினால் இணையம் வராது; அழைத்துச் சொல்லி மாற்றச் சொல்ல வேண்டும். ரவுட்டர் தயாரிப்பாளர்களே இதற்கு விடை வைத்திருக்கிறார்கள்: அமைப்புப் பக்கத்தில் ‘மேக் குளோன்’ என்ற பொத்தானை அழுத்தினால் பழைய கருவியின் எண்ணைப் புதிய ரவுட்டர் எடுத்துக்கொள்ளும். காசு கொடுத்து வாங்கிய இணைப்பைச் சொந்த வீட்டில் தொடர்வதற்காக முகவரியை மாற்றும் இந்த வேலையை எத்தனையோ குடும்பங்கள் செய்திருக்கின்றன. இதில் குற்றம் எங்கே இருக்கிறது?

மூன்றாவது நம்பிக்கைக்கு இங்கே வந்து சேர்கிறோம். முகவரியை மாற்றுவது குற்றவாளியின் வேலை என்று நினைப்பவர்கள், தங்கள் சட்டைப் பையில் இருக்கும் கைப்பேசி அதைச் செய்துகொண்டிருப்பதை அறிவதில்லை. வைஃபை இயங்கும் கைப்பேசி அருகில் என்னென்ன இணைப்புகள் உண்டு என்று சுற்றிலும் கேட்டுக்கொண்டே இருக்கும். முன்பெல்லாம் ஒவ்வொரு கேள்வியிலும் தொழிற்சாலை எண் போனது. கடைத்தெருவில் நடக்கும் ஒருவர் எதிலும் இணையாமலேயே தன் எண்ணைத் தூவிக்கொண்டு நடந்தார். 2013-ல் லண்டனின் வணிக மையத்தில் ஒரு விளம்பர நிறுவனம் குப்பைத்தொட்டிகளில் கருவி பொருத்தி, கடந்துபோகிறவர்களின் கைப்பேசி மேக் முகவரிகளைத் திரட்டியது. எந்தக் கைப்பேசி எந்தத் தெருவில் எத்தனை மணிக்குப் போகிறது, மறுநாள் திரும்ப வருகிறதா என்பதெல்லாம் அதில் தெரியும். செய்தி வெளியானதும் லண்டன் மாநகர நிர்வாகம் அந்த ஆகஸ்டிலேயே அதை நிறுத்தச் சொன்னது. அதே ஆண்டில் அமெரிக்காவின் நார்ட்ஸ்ட்ராம் கடைகளும் வாடிக்கையாளர்களின் கைப்பேசிகளை வைஃபை வழியே கண்காணித்து, எதிர்ப்பு வந்ததும் கைவிட்டன.

இந்த நடமாட்டக் கணக்கெடுப்புக்குத்தான் முகவரி மாற்றம் சரியான மருந்து. 2014-ல் ஆப்பிள் தன் ஐஓஎஸ் 8-ல் இணைப்பு தேடும்போது போலி எண்ணைப் பயன்படுத்தத் தொடங்கியது. 2019-ல் வந்த ஆண்ட்ராய்டு 10 ஒவ்வொரு வைஃபைக்கும் வெவ்வேறு எண் என்பதை இயல்புநிலை ஆக்கியது. 2020-ல் ஐஓஎஸ் 14 அதையே செய்தது. விண்டோஸிலும் இதற்கான அமைப்பு உண்டு. கோடிக்கணக்கான கைப்பேசிகள் அன்றாடம் செய்யும் ஒன்றைச் சந்தேகத்துக்குரிய செயலாகப் பார்ப்பது அறியாமை.

சந்தேகம் எழுவதற்குக் காரணம் பெரும்பாலும் ஐஎம்இஐ எண்ணோடு வரும் குழப்பம். ஐஎம்இஐ கைப்பேசிக் கருவிக்கே உரிய எண். மொபைல் நெட்வொர்க்கில் பதிவாவது. திருடுபோன கைப்பேசியைத் தடுக்க அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். இந்தியாவில் அதைத் திருத்துவதை 2017-ல் வந்த விதிகள் தடைசெய்தன. மூன்று ஆண்டுவரை சிறைத்தண்டனை கிடைக்கலாம். மேக் முகவரி வேறு எண், வேறு வேலை. இன்னொருவரின் இணைப்பில் அனுமதியின்றி நுழைவதற்காக அவருடைய மேக் முகவரியைப் போட்டுக்கொண்டால் அந்த அத்துமீறல்தான் குற்றம். எண் மாற்றம் அதற்குப் பயன்பட்ட ஒரு கருவி மட்டுமே.

நல்ல மருந்துக்கும் அளவுண்டு. கைப்பேசி தன் மேக் எண்ணை மாற்றிக்கொண்டாலும், அது இணைப்பு தேடி அனுப்பும் பொதிகளில் உள்ள மற்ற விவரங்களையும் வரிசை எண்களையும் வைத்துப் பழைய கைப்பேசிதான் என்று கண்டுபிடிக்க முடியும் என்பதை 2016-ல் ஐரோப்பிய ஆய்வாளர்களும், 2017-ல் அமெரிக்கக் கடற்படைக் கல்லூரி ஆய்வாளர்களும் காட்டினார்கள். ஐஓஎஸ் 14-ன் ஏற்பாட்டிலேயே ஓர் ஓட்டை இருந்தது: வெளியே போலி எண்ணைக் காட்டிய ஐஃபோன், அதே வைஃபையில் இருந்த மற்ற கருவிகளுக்கு அனுப்பிய ஓர் அறிவிப்புக்குள் உண்மை எண்ணையும் வைத்து அனுப்பியது. மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு 2023 அக்டோபரில்தான் அது அடைக்கப்பட்டது. இருப்பிடத்தை மறைக்க நினைப்பவருக்கும் முகவரி மாற்றம் உதவாது. லேப்டாப் தன் இருப்பிடத்தைக் கணிப்பது சுற்றியுள்ள ரவுட்டர்களின் மேக் முகவரிகளைக் கொண்டு. ஆப்பிளும் கூகுளும் அவற்றின் பட்டியலை உலக அளவில் வைத்திருக்கின்றன. தன் எண்ணை மாற்றினாலும் அக்கம்பக்கத்து ரவுட்டர்கள் எங்கே இருக்கிறோம் என்பதைச் சொல்லிவிடும்.

இவ்வளவு பலவீனமான ஓர் எண்ணைச் சாட்சியாக நிறுத்துவது எல்லாவற்றையும்விட ஆபத்தானது. ஒரு பதிவேட்டில் ஒரு மேக் முகவரி இருக்கிறது என்றால், அந்த நேரத்தில் ஏதோ ஒரு கருவி அந்த எண்ணைச் சொன்னது என்பது மட்டுமே உறுதி. அது யாருடைய கருவி, யார் கையில் இருந்தது, வேறு யாராவது அந்த எண்ணை எடுத்துப் போட்டுக்கொண்டார்களா என்பதற்கெல்லாம் வேறு ஆதாரம் வேண்டும். விடுதி அறையில் பக்கத்துக் கட்டிலில் இருப்பவரின் எண்ணைக் காற்றிலிருந்து எடுத்துவிடலாம் என்ற நிலையில், அந்த எண்ணுக்கு உரியவர்மேல் பழி போடுவது பெரும் அநீதியாக முடியலாம்.

யார் நுழைகிறார்கள் என்று தெரிய வேண்டிய நிறுவனங்களுக்கு நேரான வழி இருக்கிறது. ஆளுக்கொரு பயனர் பெயரும் கடவுச்சொல்லும் அல்லது சான்றிதழும் கேட்டு உள்ளே விடும் 802.1எக்ஸ் முறை 2001-லேயே தரமாக வந்துவிட்டது. பல்கலைக்கழகங்களுக்கிடையே ஓடும் எடுரோம் வைஃபை அதன்மீதுதான் நிற்கிறது. இந்தியாவிலும் எர்நெட் என்ற கல்வி நெட்வொர்க் வழியாக அது கிடைக்கிறது. அதில் கருவியின் எண் எதுவாக இருந்தாலும் கவலை இல்லை. நுழைவது இன்னார் என்று தெரியும். வீட்டுக்கு நீளமான ஒரு கடவுச்சொல்லும் டபிள்யூபிஏ2 அல்லது டபிள்யூபிஏ3 அமைப்பும் போதும். மேக் ஃபில்டர் பக்கத்தைத் திறக்கவே வேண்டாம். கைப்பேசியில் ‘பிரைவேட் அட்ரஸ்’ இயங்கிக்கொண்டே இருக்கட்டும். அதை அணைக்கச் சொல்லும் அறிவிப்பைக் கண்டால் காரணம் கேளுங்கள். கல்லூரிகளும் அலுவலகங்களும் காவல்துறையும் மேக் முகவரிப் பதிவை மட்டும் காட்டி எவர்மேலும் நடவடிக்கை எடுக்கக் கூடாது; அப்படி எடுக்கப்பட்டால், அந்த எண்ணை அந்த நேரத்தில் வேறு யாரும் பயன்படுத்தவில்லை என்பதை நிரூபிக்கும் பொறுப்பு குற்றம் சாட்டுகிறவருடையது.